சவரி சாரின் சனிக்கிழமைகள்

செய்தி வந்தபோது நான் வேறொரு பெண்ணிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். வத்தலக்குண்டு பக்கத்துப் பெண். முந்தின நாள் கணவன் மாட்டுக் கயிற்றால் அடித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் இன்னொரு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. அழுகிற ஒருவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுப்பது எங்கள் வேலையில் கூடாது. அவர் பேசி முடித்து, முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று வைத்த பிறகுதான் திருப்பிக் கூப்பிட்டேன். நாகல் நகரில் சவரி சார் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் பேசினார்.

"செல்வி மேடங்களா? சார் காலைல இருந்து கதவத் தெறக்கலம்மா. ஒடச்சுப் பாத்தோம். நாற்காலில உக்காந்த மேனிக்கே போயிட்டாரு. யாருக்குச் சொல்றதுன்னு தெரியல. அவரு போன்ல ஒங்க நம்பருதான் மேல இருந்துச்சு."

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மதியம் அவர் என்னைக் கூப்பிடுவது வழக்கம். மறுநாள் கூட்டத்துக்கு வரப்போகும் ஆண்களின் வீடுகளில் அந்த வாரம் என்ன நடந்தது என்று கேட்பார். அன்று நான் அவரிடம் சொல்லவேண்டியதையெல்லாம் வைத்துக்கொண்டு அவருடைய அழைப்புக்காகத்தான் காத்திருந்தேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரைத் தமிழாசிரியராக அறிவீர்கள். திண்டுக்கல்லில் அவரிடம் படித்தவர்கள் இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள். சவரிமுத்து என்ற முழுப்பெயரைக் கல்லறைக்குப் போகும் வழியில் ஒட்டியிருந்த சுவரொட்டியில்தான் சிலர் முதல் தடவையாகப் பார்த்திருப்பீர்கள். ஓய்வுபெற்ற பிறகு அவர் என்ன செய்தார் என்பது உங்களில் அதிகம் பேருக்குத் தெரியாது. மனைவியை அடித்த ஆண்களை ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசினார். நீதிமன்றம் அனுப்பியவர்கள், மகளிர் காவல் நிலையம் அனுப்பியவர்கள், மனைவி பிறந்த வீட்டிலிருந்து திரும்பி வரவேண்டும் என்றால் இதற்குப் போ என்று மாமனாரால் துரத்தப்பட்டவர்கள். எங்கள் தொண்டு நிறுவனம் அதற்கு ஒரு நீளமான பெயர் வைத்திருந்தது. வருகிறவர்கள் 'சனிக்கிழமை கிளாஸ்' என்றார்கள். உள்ளே அவர் ஆண்களோடு பேசுவார். வெளியே நான் அவர்களுடைய மனைவிமாரோடு பேசுவேன். மனைவி சொல்வது கணவன் காதுக்கு ஒருபோதும் போகக் கூடாது என்பது எங்கள் முதல் விதி.

அவர் ஏன் இந்த வேலைக்கு வந்தார் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. அவரும் மறைத்ததில்லை. புதிதாக ஆட்கள் வரும்போதெல்லாம் எழுந்து நின்று முதலில் அதைத்தான் சொல்வார். "எம்பேரு சவரிமுத்து. வாத்தியாரு. கல்யாணமான மறுமாசத்துல இருந்து அவங்க என்னய விட்டுப் போன நாள் வரைக்கும் எம்பொண்டாட்டிய நான் அடிச்சேன். அவங்களுக்கு இடது காது கேக்காது. அது என்னால." இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வார். பெரிய மனிதர், வெள்ளைச் சட்டை, தலை நிறைய நரை. அவர் வாயிலிருந்து இப்படி ஒன்று வருமென்று யாரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் பழகிக்கொள்வதற்காக உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தையில் வேலை பார்த்த ஒருவர் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏனுங்க சார், வாய் பேச்சு தடிச்சுப் போச்சுங்க. அப்புறம் கை பட்டுருச்சுங்க."

"யாரு கை?" என்றார் சவரி சார்.

"என்ற கைதானுங்க."

"கை தானாப் போயிப் பட்டுச்சா?"

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"பள்ளிக்கூடத்துல எழுவாய் படிச்சிருப்பீங்க. செயலைச் செஞ்சவன் எழுவாய். இந்த வாக்கியத்துக்கு எழுவாய் யாரு?"

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவைக்க அன்றைய மாலை முழுவதும் ஆயிற்று. 'கை பட்டுருச்சு', 'அடி விழுந்துருச்சு', 'கோவம் வந்துருச்சு', 'அப்படி ஆகிப்போச்சு' என்று அவர் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "நான் அடிச்சேனுங்க" என்றார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. "ஒரு எழுவாய்க்கே ஆளு ஓடிட்டாரு பாத்தியாம்மா" என்று சவரி சார் சிரித்தார். எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் போனார்கள். தங்கியவர்களில் பெரும்பாலோர் சான்றிதழுக்காகத் தங்கினார்கள்.

அவருடைய மகளுக்குத் திருமணம் நடந்தது ஒரு சனிக்கிழமை. அப்பா வரவேண்டாம் என்று மகள் ஆளனுப்பிச் சொல்லியிருந்தார். அன்றும் அவர் வழக்கம்போலக் கூட்டத்துக்கு வந்தார். மாதா கோவில் வாசல் வரையாவது போய் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வரலாமே என்று நான் சொன்னேன்.

"போலாம். போயி நின்னா எனக்கு ஆறுதலா இருக்கும். அந்தப் புள்ளைக்கு அன்னைக்குப் பூராவும் வாசலப் பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதாப் போகும். வேணாம்மா" என்றார்.

மன்னிப்பு கேட்பதைப் பற்றியும் அவருக்கு இதே கருத்துதான். கூட்டத்துக்கு வருபவர்களில் சிலர் நாலு வாரம் உட்கார்ந்ததும் உருகிவிடுவார்கள். பூவும் பழமும் வாங்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போய்க் காலில் விழப்போகிறேன் என்பார்கள். "அவங்க வாசலுக்குப் போகாதீங்க. மன்னிப்பு கேக்குறது நம்ம பாரத்த எறக்கி வைக்கறதுக்கு. எறக்கி வைக்க அவங்க தலைதானா கெடைச்சுது?" என்பார். அவர் தன் மனைவி ரெஜினாவின் வாசலுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. ரெஜினாவின் வீடு எங்கள் கூட்ட அறையிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

இனி வனிதாவைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாமல் சவரி சாரைப் பற்றி எழுதினால் அது பொய்யாகிவிடும். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கதிரேசன் சேவுகம்பட்டிக்காரர். பூ வியாபாரம். மனைவி வனிதாவின் கையை முறித்ததற்காக எங்களிடம் அனுப்பப்பட்டார். எங்களிடம் வந்தவர்களிலேயே நன்றாகப் பேசியவர் அவர்தான். முதல் கூட்டத்திலேயே "நான் அடிச்சேன். அவ எதுவும் செய்யல" என்றார். யாரும் கேட்காமலே சொன்னார். அழுதார். மற்றவர்கள் மழுப்பும்போது அவரே குறுக்கிட்டு, "அண்ணே, எழுவாய் யாருண்ணே?" என்று கேட்பார். சவரி சாருக்கு அவர்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. மகிழ்ச்சியாக இருந்தார் என்றே சொல்லலாம். "ஒருத்தன், செல்வி. ஒருத்தன் மாறிட்டான்னா போதும்" என்றார். புதிதாக வருபவர்கள் முன்னால் கதிரேசனைப் பேசவைத்தார். அவர் நடத்தையைப் பற்றி நல்லவிதமாக நீதிமன்றத்துக்கு எழுதியும் கொடுத்தார்.

நான் கூப்பிடும்போதெல்லாம் வனிதா ஒரே பதிலைத்தான் சொன்னார். "நல்லா இருக்காருக்கா. அடிக்கிறதில்ல." பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்று கேட்டால் இல்லை என்பார். ஒருநாள் காலையில் வேறு எண்ணிலிருந்து அவரே அழைத்தார். பேருந்து நிலையத்தில் பூக்கட்டும் ஒரு பெண்ணின் போனை வாங்கிப் பேசினார்.

"அக்கா, அவரு அடிக்கிறதில்லங்கறது நெசந்தான். உக்கார வச்சுப் பேசுறாருக்கா. மணிக்கணக்காப் பேசுறாரு. சட்டியில வெஞ்சனம் தீஞ்சாலும் எந்திரிக்க விடமாட்டாரு. தண்ணி குடிக்கப் போனாக்கூட, முதல்ல ஒந்தப்ப ஒத்துக்கங்கறாரு. அங்க சார் கேப்பாராமே, எழுவாய் யாருன்னு. அதையே எங்கிட்டக் கேக்குறாரு. கோவம் வந்தது எனக்கு, வரவச்சது யாரு, அந்த வாக்கியத்துக்கு எழுவாய் யாருடிங்கறாரு. நாந்தான்னு சொல்ற வரைக்கும் விடமாட்டாரு. சொன்னா இன்னொருக்கா சொல்லுங்கறாரு. முன்னாடி அடிப்பாரு, செத்த நேரத்துல முடிஞ்சிரும்க்கா. இது முடியவே மாட்டேங்குது."

இதைச் சவரி சாரிடம் சொன்னேன். அப்போது அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "நாம அவனுக்குப் பேசக் கத்துக்குடுத்துருக்கோம்" என்றார். "அடிக்கிறதுக்கு அவன்கிட்ட கைதான் இருந்துச்சு. இப்ப நம்ம சொல்லும் இருக்கு."

செய்யவேண்டியதையெல்லாம் செய்தோம். குடும்ப வன்முறைச் சட்டப்படி இருக்கிற பாதுகாப்பு அலுவலரிடம் சொன்னோம். சவரி சார் தான் எழுதிக்கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வனிதாவைப் பழனி பக்கம் கீரனூரில் இருந்த அம்மா வீட்டுக்குப் போகச் சொன்னோம். போனார். அங்கே கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தார். போனில் குரல் மாறியிருந்தது. தென்னந்தோப்பில் வேலைக்குப் போகிறேன் என்றார். பிறகு கதிரேசன் அங்கே போனார். சண்டைக்குப் போகவில்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, பெரியவர்கள் முன்னால் கைகட்டி நின்று, நான் அடித்தேன், அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று பேசியிருக்கிறார். எங்கள் அறையில் பேசியது போலவே பேசியிருக்கிறார். வனிதாவின் அண்ணன் எனக்குப் போன் செய்தார். "ஏனுங்க மேடம், ஊரே பாத்துட்டு இருக்குதுங்க. ஒரு ஆம்பள இம்புட்டு எறங்கி வந்தா வேற என்ன செய்யச் சொல்றீங்க? இனியும் அனுப்பலைன்னா தப்பு எங்க மேலதானுங்க வரும்." நான் எவ்வளவோ சொன்னேன். சவரி சார் பேருந்து ஏறி நேரிலேயே போய்ச் சொன்னார். உங்களிடம் வந்துதானே அவர் திருந்தினார், நீங்களே இப்படிச் சொல்லலாமா என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வனிதாவைக் கதிரேசனோடு அனுப்பிவைத்தார்கள். சில வாரங்கள் கழித்து அவரைச் சேவுகம்பட்டியில் தோட்டத்துக் கிணற்றிலிருந்து பிணமாக எடுத்தார்கள். கதிரேசன் தள்ளினாரா, வனிதாவே குதித்தாரா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியவில்லை. வழக்கு கொஞ்ச நாள் நடந்து நின்றுபோனது. நாங்கள் போனபோது, கூடி நின்றவர்களிடம் கதிரேசன் சொல்லிக்கொண்டிருந்தார்: "தண்ணி எடுக்கப் போனா. கால் வழுக்கிருச்சு. விழுந்துட்டா." சவரி சார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது கேட்பார் என்று பயந்தேன். எதுவும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். கதிரேசன் இன்றும் பூச்சந்தைக்கு வருகிறார். மல்லிகை ஏலம் எடுக்கிறார். என்னைக் கண்டால் வணக்கம் சொல்கிறார்.

அதற்குப் பிறகு சவரி சார் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மேசைமேல் இருந்த சோறு காய்ந்திருந்தது. "ரெஜினா என்னய விட்டுப் போனதுக்கப்புறந்தான் நான் அடிக்கறத நிறுத்துனேன். அவங்க இருந்திருந்தா நிறுத்தியிருப்பேனா? எனக்கே தெரியல. தெரியாத ஒண்ண நான் எப்படிம்மா மத்தவனுக்குச் சொல்லிக்குடுக்கறது?" என்றார். எழுந்து அந்தத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

அடக்கத்தன்று ரெஜினா வந்திருந்தார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு, கோவிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அவரை நான் முதன்முதலில் பார்க்கிறேன். பூசை முடிந்ததும் பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். எப்பேர்ப்பட்ட ஆசிரியர், எப்பேர்ப்பட்ட மனிதர் என்று சொன்னார்கள். ரெஜினா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது நான் போய் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். வலது காதை என் பக்கம் திருப்பினார்.

"அங்க வந்த ஆம்பளைகள்ல எத்தன பேரு மாறுனாங்க?" என்று கேட்டார்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சு ஒருத்தருதாம்மா. சார்தான்" என்றேன்.

"எல்லாரும் சொல்றாங்க. நெசமாத்தான் இருக்கும். ஆனா அந்த மனுசன நான் பாக்கலயே. எனக்குக் கெடைச்சவரு வேற" என்றார். பிறகு ஆட்டோ ஏறிப் போனார். கல்லறைக்கு வரவில்லை.

நிறுத்திவிட்ட கூட்டத்துக்குச் சவரி சார் எப்படித் திரும்ப வந்தார் என்பதை உங்களிடம் சொல்லவேண்டும். எதையும் நம்பித் திரும்பவில்லை. கூட்டம் நின்றிருந்த நாட்களிலும் நான் என் பங்குக்குப் பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். குஜிலியம்பாறை பக்கம் மானாவாரி நிலத்தில் பாடுபடும் ராசாத்தி என்ற பெண் ஒருநாள் கேட்டார். "ஏக்கா, சனிக்கிழமை கிளாசு இனிமே கெடையாதா?"

"ஏன்? அவருக்கு அதனால ஏதாச்சும் மாத்தம் தெரிஞ்சுச்சா?"

"மாத்தமா? அதெல்லாம் ஒண்ணுங் கெடையாதுக்கா. அவரு மத்தியானம் பஸ் ஏறிட்டாருன்னா இருட்டுறவரைக்கும் வரமாட்டாருல்ல. நானும் எம்மகளும் கதவத் தெறந்து போட்டுட்டு டிவியச் சத்தமா வப்போம். அவ கூத்து காட்டுவா. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். இப்ப ரெண்டு வாரமா அது இல்ல."

அப்படியே போய் அவரிடம் சொன்னேன். வேறொன்றும் சேர்க்கவில்லை. "லேட்டாப் போனா அந்தாளுக்குக் கோவம் வராதாமா?" என்று மட்டும் கேட்டார். அதையும் நான் ராசாத்தியிடம் கேட்டிருந்தேன். "அலைஞ்சு களைச்சு வர்றவரு, தின்னுட்டு விழுந்துருவாராம் சார். சீக்கிரம் வந்தாத்தான் வம்பாம்" என்றேன். தலையை ஆட்டினார். அந்தச் சனிக்கிழமை அறை திறந்திருந்தது.

அதற்குப் பிறகு அவர் நடத்திய கூட்டங்கள் வேறு மாதிரியானவை. யாரையும் பாராட்டவில்லை. யாரையும் மற்றவர்முன் எழுந்து பேசச் சொல்லவில்லை. இந்த ஆள் மாறிவிட்டாரா என்று நீதிமன்றத்திலிருந்து கேட்டால், 'கூட்டத்துக்கு வந்தார்' என்று மட்டும் எழுதிக்கொடுத்தார். ஆனால் கூட்டத்தை முடிக்கமாட்டார். சொன்னதையே திரும்பச் சொல்வார். ஆறு மணி பேருந்தைப் பிடிக்கவேண்டும் என்று எழுபவரை உட்காரவைத்து, நிலக்கடலைக்கு மழை போதுமா, வெங்காயம் என்ன விலை போகிறது, பையன் எந்த வகுப்பு என்று ஆரம்பித்துவிடுவார். "ஏலே, இந்த வாத்தியாரு விடவே மாட்டாருடா" என்று வெளியே வந்து திட்டுவார்கள். இருட்டிய பிறகுதான் ஒவ்வொருவராகப் போகவிடுவார். எல்லாரும் போன பின் தொண்டை கட்டிப்போய், தண்ணீர் குடித்தபடி உட்கார்ந்திருப்பார். "இன்னைக்கு இம்புட்டுத்தாம்மா முடிஞ்சுது" என்பார். கடைசிவரை அப்படித்தான் நடத்தினார்.

அவரை அடக்கம் செய்த மறுவாரம் அலுவலகத்திலிருந்து, வேறு ஆள் கிடைக்கும்வரை சனிக்கிழமைக் கூட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கிடைப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அறையின் சாவி என்னிடம் இருந்தது. போய்த் திறந்தேன். செய்தி தெரியாதவர்களும் தெரிந்தே வந்தவர்களுமாகச் சிலர் வந்தார்கள். சார் இறந்துவிட்டார் என்றேன். உச்சுக் கொட்டினார்கள். "அப்ப சர்ட்டிபிகேட் யாரு மேடம் குடுப்பா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் செல்போனை எடுத்துக்கொண்டார். ராசாத்தியின் கணவர் பேருந்துக்கு நேரமாகிறது என்று எழுந்தார்.

இவர்களை மாற்ற என்னால் முடியாது. சவரி சாராலும் முடியவில்லை. எழுவாய் யார் என்று கேட்கும் துணிச்சலும் எனக்கு இல்லை. அந்தக் கேள்வி எங்கெல்லாம் போகும் என்று பார்த்துவிட்டேன். சவரி சாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். கதவுப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, "உக்காருங்கண்ணே, இன்னும் முடியல. ஒங்க பக்கம் மழை எப்படி?" என்று கேட்டேன். ராசாத்தியின் கணவர் உட்கார்ந்தார்.